லயனல் வென்ட்: அழிந்த நெகட்டிவ்களும் எஞ்சிய படங்களும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் வாழ்ந்த பழைய வீடொன்றை, தொடர்மாடி கட்டுவதற்காக ஒழித்துக் கொடுக்கும்போது, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கறுப்புத் தோலுறை ஒன்று வெளிப்படுவதுண்டு. உறைக்குள் கையடக்கமான ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதன் பொத்தானை அழுத்தினால் முன்மூடி திறந்து, கொல்லன் உலையில் இருப்பதைப் போன்ற சிறு துருத்தி விரிந்து, கண்ணாடி வில்லை முன்னால் வந்து நிற்கும். பாட்டனாரோ பாட்டனாரின் சகோதரரோ எப்போதோ வாங்கிய ஜேர்மன் மடிப்புக் கமரா அது. பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருள். பழைய சாமான் வாங்குபவருக்கு எடை போடும் பொருள். அதனோடு ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடக்கும் நெகட்டிவ் சுருள்களைப் பெரும்பாலும் எவரும் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அவை குப்பையோடு போய்விடுகின்றன.

இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம், ஜேர்மன் கமராவைக் கையில் எடுத்த இலங்கையர்களுள் முதன்மையானவர் எனக் கருதப்படும் ஒருவரின் வாழ்வும் மறைவும் நினைவுக்கு வருகின்றன. அவர் லயனல் வென்ட். கொழும்பில் வாழும் நம்மிற் பலருக்கு அப்பெயர் கறுவாத்தோட்டத்தில் உள்ள ஒரு நாடக அரங்கின் பெயர் மட்டுமே. தமிழ் நாடகங்களும் மேடையேறியுள்ள அந்த அரங்கு நிற்கும் நிலம், ஒரு காலத்தில் ஒரு மனிதரின் வீட்டு வளவு என்பதோ, அந்த மனிதர் உலகின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களோடு சேர்த்து எண்ணப்படுபவர் என்பதோ பரவலாக அறியப்படவில்லை.

அவருடைய வாழ்வை விளங்கிக்கொள்ள, முதலில் அவருடைய காலத்துக் கருவிகளைப் பற்றிச் சில செய்திகளை அறிவது அவசியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கமரா பாரமான மரப்பெட்டி. அதற்கு முக்காலி வேண்டும். கண்ணாடித் தகடுகள் வேண்டும். படம் எடுக்கப்படுபவர் அசையாமல் இருக்கவும் வேண்டும். அந்த நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஒஸ்கார் பார்னாக். ஆஸ்துமா நோயாளியான அவருக்குப் பாரமான கமராவைச் சுமந்து மலையேற இயலவில்லை. ஆகவே, சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீற்றர் பிலிமைக் கொண்டு இயங்கும் சிறிய கமரா ஒன்றை முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னரே உருவாக்கினார். லைக்கா என்ற பெயருடன் அது 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் மக்கள் முன் வைக்கப்பட்டது. ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம் என்பது அக்காலத்தில் பெரும் புதுமை.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. எதிரே நிற்பவர் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார் என்பதைப் படம் எடுப்பவர் கண்மதிப்பாலேயே கணிக்க வேண்டியிருந்தது. கணிப்பு பிழைத்தால் படம் மங்கிவிடும். இதற்கு விடையாக வந்ததே தூரமானி. கமராவின் மேற்புறத்தில் ஒன்றுக்கொன்று சற்று விலகி இரு சிறு சாளரங்கள் இருக்கும். அவற்றினூடாக வரும் இரு பிம்பங்களும் ஒரே கண்துளையில் தெரியும். வில்லையைத் திருகத் திருக, இரட்டையாகத் தெரியும் முகம் மெல்ல நெருங்கி ஒன்றாகும். இரண்டும் ஒன்றாகும் இடமே படம் தெளிவாக விழும் இடம். 1932இல் வெளிவந்த இரண்டாம் லைக்காவில் இவ்வமைப்பு வில்லையோடு இணைக்கப்பட்டது.

மடிப்புக் கமராக்களில் இதைப் பொருத்துவது எளிதாக இருக்கவில்லை. வில்லை துருத்தியின் ஒரு முனையிலும் உடற்பகுதி மறுமுனையிலும் இருப்பதால் இரண்டையும் கம்பியாலோ பற்சக்கரத்தாலோ இணைப்பது கடினம். 1934இல் சுப்பர் ஐகொன்டா கமராவை வெளியிட்ட சைஸ் ஐகொன் நிறுவனம், சுழலும் இரு கண்ணாடி ஆப்புகளை வில்லையின் பக்கத்திலேயே ஒரு சிறு கையில் பொருத்தி இச்சிக்கலைத் தீர்த்தது. ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து ரெட்டினாவும், பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து பெஸ்ஸாவும் போட்டிக்கு வந்தன. சட்டைப்பைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ அடங்கும் இக்கருவிகள், புகைப்படத்தை ஸ்ரூடியோவின் திரைச்சீலையிலிருந்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தன. பெரிய பிலிமில் எட்டுப் படங்களோ பன்னிரண்டு படங்களோதான் எடுக்க முடியும் என்பதால், ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்கப்பட்டது. நமது வீட்டு அல்பங்களில் உள்ள பழைய படங்களில் ஒருவித கனம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கமரா சிறியதாகி, தூரமானி அதனோடு இணைந்த அதே 1930களின் தொடக்கத்திலேயே லயனல் வென்ட் புகைப்படக் கலையை முழுமூச்சாகக் கைக்கொண்டார். அவர் பயன்படுத்தியவை ரோலிஃப்ளெக்ஸும் லைக்காவும். இரண்டும் ஜேர்மன் கருவிகள். நமது அலுமாரிகளில் உறங்கும் மடிப்புக் கமராக்களின் சமகாலத்து உறவினர் எனலாம்.

வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தை ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். சட்டநிரூபண சபை உறுப்பினராக இருந்து, பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசராக உயர்ந்தவர். தாய் அமீலியா, செல்வாக்கு மிக்க த சேரம் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1906இல் இலங்கையில் ஆர்வலர்களுக்கான முதற் புகைப்படச் சங்கம் அமைக்கப்பட்டபோது அதில் முன்னின்றோருள் தந்தையும் ஒருவர். எனவே கமரா அந்த வீட்டுக்குப் புதிய பொருளன்று. ஆனால் வென்ட் இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். எஞ்சியவை தம்பி ஹரியும், பணக்கவலை இல்லாத வாழ்வும், இசையில் இருந்த தணியாத ஆர்வமுமே.

குடும்ப மரபுப்படி அவர் சட்டம் பயிலவே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இன்னர் டெம்பிளில் சட்டம் கற்ற அதே காலத்தில் லண்டன் ரோயல் அகடமி ஒஃப் மியூசிக்கில் பியானோவும் பயின்றார். 1924இல் நாடு திரும்பிச் சிறிது காலம் வழக்கறிஞராக இருந்தார். பின்னர் அத்தொழிலை விட்டுவிட்டார். நீதியரசரின் மகன் நீதிமன்றத்தைத் துறந்து பியானோவின் முன் அமர்ந்தது அக்காலக் கொழும்பு மேட்டுக்குடியினருக்கு வியப்பாகவே இருந்திருக்கும். ஐரோப்பாவின் புதிய இசையை இந்நகரத்தவருக்கு அறிமுகப்படுத்தும் கச்சேரிகளை அவர் நடத்தினார். புதிய ஓவியத்துக்கும் அவர் பெருந்துணையாக நின்றார். இளம் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஆற்றலைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு, அவருக்காக எழுதியும் பேசியும் வந்தவர் வென்ட்.

இக்காலத்திலேயே வெள்ளவத்தையும் இக்கதைக்குள் வருகிறது. 1929இல் சிலி நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்புக்கு வந்த ஓர் இளைஞர், வெள்ளவத்தைக் கடற்கரையோரச் சிறு வீடொன்றில் தனிமையில் வாழ்ந்தார். பிற்காலத்தில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப்லோ நெரூடாவே அவர். ஆங்கிலேய அதிகாரிகளின் கழக வாழ்வில் அவர் ஒட்டவில்லை. அவருடைய தனிமையைப் போக்கியோருள் வென்டும் ஒருவர். இங்கிலாந்திலிருந்து தமக்கு வந்த புதிய நூல்களை ஒரு சாக்கில் நிரப்பி, வாரந்தோறும் சைக்கிள்காரர் ஒருவரிடம் கொடுத்து வெள்ளவத்தைக்கு அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், அன்றைய கொழும்பின் பண்பாட்டு வாழ்வுக்கு நடுநாயகமாக விளங்கியவர் வென்ட் என நெரூடா நன்றியோடு குறிப்பிடுகிறார்.

அதே நினைவுக் குறிப்புகளில் இன்னொரு செய்தியும் உண்டு. தமது வெள்ளவத்தை வீட்டில் கழிவகற்ற வந்த ஏழைத் தமிழ்ப் பெண் ஒருவருக்குத் தாம் இழைத்த பாலியல் கொடுமையை நெரூடா தாமே அதில் ஒப்புக்கொண்டுள்ளார். அந்தப் பெண்ணின் பெயர் அந்நூலில் இல்லை. கவிஞரின் படங்கள் உலகெங்கும் உள்ளன. வென்டின் படங்கள் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகின்றன. அதே நகரின் அதே ஆண்டில் வாழ்ந்த அந்தப் பெண்ணுக்குப் பெயருமில்லை, முகமுமில்லை. யாருடைய நினைவு காக்கப்படுகிறது, யாருடையது காக்கப்படுவதில்லை என்ற கேள்வி, புகைப்படத்தின் வரலாற்றில் முதலிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கும் கேள்வியாகும்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வீரகேசரியும், அடுத்த ஆண்டில் தினகரனும் பிறந்தன. நாடு தன்னைத் தானே புதிதாகப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. அந்தப் பார்வைக்கு வென்ட் கமராவைத் துணைக்கொண்டார். அதற்கு முன்னர் இலங்கையின் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தபாலட்டைக்காக எடுத்தவையே. ஸ்கீன், பிளேட்டே முதலிய ஸ்ரூடியோக்களின் படங்களில் இந்நாட்டு மனிதர் ஒரு சாதி வகையாகவோ தொழில் வகையாகவோ நிறுத்திவைக்கப்பட்டனர். இப்போக்குக்கு மாறான முன்மாதிரி ஒன்றும் இருந்தது. கொழும்பிற் பிறந்த தமிழ் அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு, அவருடைய மனைவி எதெல் எடுத்த படங்கள் கைவினைஞரின் உழைப்பை மதிப்போடு பதிவுசெய்தன. வென்டோ கைவினைப் பொருளைத் தாண்டி மனிதரிடம் சென்றார். வலை இழுக்கும் மீனவர், வயலில் நிற்கும் உழவர், கண்டி நடனக் கலைஞர், கிராமத்துப் பெண்கள், சிதைந்த புத்தர் சிலைகள், தென்னையின் நிழல் விழும் சுவர் என அவர் எடுத்த படங்களில் தபாலட்டையின் செயற்கைத்தன்மை இல்லை.

கருவியின் தன்மையும் இதற்குத் துணைநின்றது. ரோலிஃப்ளெக்ஸ் கமராவை இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்தே பார்க்க வேண்டும். படம் எடுக்கப்படுபவரின் முகத்துக்கு நேரே ஒரு பெட்டி நீட்டப்படுவதில்லை. லைக்காவோ கைக்குள் மறையும் அளவானது. இரண்டுமே மனிதரை மிரளவைக்காத கருவிகள். எனினும், வென்டின் ஆற்றலைக் கருவியின் பெருமையாக மட்டும் கொள்வது தவறு. அதே கமராக்கள் அக்காலத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைகளில் இருந்தன.

அவருடைய உண்மையான ஆய்வுக்கூடம் இருட்டறையே. நெகட்டிவிலிருந்து படம் அச்சிடும்போது ஒளியை இடைநடுவிற் பாய்ச்சி, உருவத்தின் விளிம்புகளில் வெள்ளிக்கோடு போன்ற ஒளிவட்டத்தைத் தோற்றுவிக்கும் சோலரைசேஷன் முறையை அவர் கையாண்டார். பாரிஸில் மான் ரே என்ற கலைஞரால் புகழ்பெற்ற முறை அது. கமராவே இன்றிப் பொருள்களை நேரடியாக ஒளித்தாளின் மீது வைத்துப் படமாக்குதல், பல நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிடுதல் ஆகியவற்றையும் அவர் செய்து பார்த்தார். இசையில் ஒரே சுரம் பல தாளக்கட்டில் ஒலிப்பதைப்போல, ஒரே நெகட்டிவை அவர் பலவிதமாக அச்சிட்டார். இதை மனத்திற் கொள்வது முக்கியம். அவருடைய கலையிற் பாதி கமராவில் நிகழ்ந்தது. மறுபாதி அச்சிட்ட தாளில் நிகழ்ந்தது.

1934இல் இங்கிலாந்திலிருந்து வந்த திரைப்பட இயக்குநர் பசில் ரைட், இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'சோங் ஒஃப் சிலோன்' என்ற அப்படத்துக்கு வென்ட் வழிகாட்டியாக இருந்ததோடு, அதன் பின்னணிக் குரலும் அவருடையதே. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளிவந்த நூலின் பகுதிகளை அவர் வாசித்தார். 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற அப்படம், உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. தேயிலையின் பெயரால் எடுக்கப்பட்ட அப்படத்தில், அத்தேயிலையைப் பறித்த மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு மையமாகவில்லை என்பதையும் நாம் சொல்லியே ஆகவேண்டும். சிவனொளிபாதமலை யாத்திரையும் கண்டி நடனமும் பெற்ற இடத்தை லயன் அறைகள் பெறவில்லை. பணம் கொடுத்தவர்களின் விருப்பம் எதுவோ, கமராவின் பார்வையும் பெரும்பாலும் அதுவாகவே அமைகிறது.

அதே 1930களின் நடுப்பகுதியில் நண்பர்களுடன் சேர்ந்து இலங்கைப் புகைப்படச் சங்கத்தை அமைப்பதில் வென்ட் முன்னின்றார். லேக்ஹவுஸ் நிறுவனத்தின் துணையோடு சித்ராஃபோட்டோ என்ற புகைப்பட நிலையத்தையும் நடத்தி, இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். 1938இல் லைக்கா கமராவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் லண்டன் கமரா கழகத்தில் அவருடைய படங்களின் தனிக்காட்சி நடைபெற்றது. குடியேற்ற நாடொன்றைச் சேர்ந்த கலைஞருக்கு அக்காலத்தில் கிடைத்த அரிய கௌரவம் அது.

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானியாவும் ஜேர்மனியும் பகை நாடுகளாயின. ஜேர்மன் கமராக்கள் எதிரி நாட்டுப் பொருள்களாயின. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. அப்படிப்பட்ட காலத்திலும் வென்டின் வீடு கலைஞர்கள் கூடும் இடமாகவே இருந்தது. 1943 ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி கில்ஃபோர்ட் கிரசென்ட் வீதியிலிருந்த அவருடைய அல்பொராடா இல்லத்தில் ஓவியர்கள் சிலர் ஒன்றுகூடினர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியாகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல், ஜோர்ஜ் கிளாசன், ஓப்ரி கொலெட் முதலியோர் அடங்கிய அக்குழுவே '43 குழு' என இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றில் நிலைத்தது. அக்குழுவைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த அச்சாணி, தூரிகை பிடிக்காத வென்டே.

குழு அமைந்து பதினாறு மாதங்கள்கூட நிறையவில்லை. 1944 டிசம்பர் 19ஆம் திகதி மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 44 மட்டுமே. நாற்பத்து நான்கு வயதில் ஒரு வழக்கறிஞர், பியானோக் கலைஞர், விமர்சகர், புகைப்படக்காரர், குழுத் தலைவர் ஆகிய ஐவரின் வேலையையும் அவர் செய்து முடித்திருந்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் சிந்திக்க வேண்டிய பகுதி. வென்டின் மறைவுக்குப் பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இதைப் பகையாலோ அலட்சியத்தாலோ செய்த செயலாக எவரும் கருதவில்லை. கலைஞர் தம் கையால் அச்சிட்டதே மூலப்படைப்பு. அவருக்குப் பின் வேறொருவர் அதே நெகட்டிவிலிருந்து அச்சிடுவது முறையன்று என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. அக்கருத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு முழு வாழ்வின் மூலப் பதிவு அதனால் இல்லாமற் போயிற்று. எஞ்சியவை அவர் அச்சிட்டு வைத்திருந்த படங்களும், நண்பர்களுக்குக் கொடுத்தவையுமே.

அவை எஞ்சியது தற்செயலன்று. நண்பர்கள் அவற்றைப் பத்திரப்படுத்தினார்கள். 1945இல் சகோதரர் ஹரியும் காலமான பின்னர், குடும்பச் சொத்தைக் கொண்டு ஹரல்ட் பீரிஸ் முதலியோர் நினைவு மண்டபம் ஒன்றை எழுப்ப முன்வந்தனர். 1950இல் 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' என்ற படத்தொகுப்பு நூல் லண்டனில் வெளியாயிற்று. 1953 டிசம்பர் 12ஆம் திகதி மாக்சிம் கோர்க்கியின் நாடகத்துடன் லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டது. பல தசாப்தங்கள் ஓரளவு மறக்கப்பட்டிருந்த அவருடைய புகைப்படங்கள், 1990களில் ஆய்வாளர்களின் முயற்சியால் மீண்டும் கவனம் பெற்றன. 2017இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ஹுயிஸ் மார்செய் புகைப்பட அருங்காட்சியகம் அவருக்காகத் தனிக் காட்சி ஒன்றை நடத்தியது. நெகட்டிவ்கள் அழிந்தன; மனிதர்கள் காத்ததால் படங்கள் வாழ்ந்தன.

எனினும் அப்படங்களைப் பார்க்கும்போது ஒரு வெறுமையும் உறுத்துகிறது. அவற்றில் உள்ள மீனவரும் உழவரும் இளைஞரும் பெண்களும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். எந்த ஊர், யாருடைய பிள்ளை, பின்னர் என்ன ஆனார் என்ற விவரம் எதுவும் இல்லை. மனித உடலின் அழகை, குறிப்பாக இளம் ஆண்களின் உடலழகை, வென்ட் விரும்பிப் பதிவுசெய்தார். அதைப் பற்றி இன்று வெளிப்படையான ஆய்வுகள் உள்ளன. ஆனால் செல்வந்தர் ஒருவரின் கமராவின் முன் நின்ற வறியவர் எந்த அளவுக்குத் தம் விருப்பத்தோடு நின்றார் என்ற கேள்விக்கு அப்படங்கள் விடை தருவதில்லை. படம் காக்கப்பட்டது, பெயர் காக்கப்படவில்லை. மேதையின் படைப்பிலும் இக்குறை உண்டு என்பதைக் கூறுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது.

தமிழ் மக்களுக்கும் முஸ்லிம் மக்களுக்கும் இது வெறும் கலை வரலாறு அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நாம் நூல்களையும் ஏட்டுச்சுவடிகளையும் எண்ணினோம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது உயிர்களை எண்ணினோம். பின்னர் சொத்துகளை எண்ணினோம். அவ்வீடுகளுக்குள் எரிந்த அல்பங்களை எவரும் எண்ணவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடையோடும் கையில் அகப்பட்ட சிறு பொருளோடும் புத்தளம் நோக்கி நடந்தவர்களுக்குத் திருமணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற நேரம் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கிழக்குக் கரையைக் கடல் விழுங்கியது. தொடர்ந்து வன்னியில் போரின் இறுதிக் கட்டம். ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பத்தின் முகவரலாறு அடியோடு அழிந்தது. காணாமற்போனவரின் ஒரேயொரு கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கி, நெஞ்சோடு அணைத்துத் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரைக் கண்டவர்களுக்கு, ஒரு படத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் தப்பி, கொழும்பிலும் வேறிடங்களிலும் பழைய அலுமாரிகளில் எஞ்சியிருப்பவற்றை இன்று நாமே கைநழுவ விடுகிறோம். தீயும் கடலும் செய்ததை, வீட்டை ஒழிக்கும் அவசரம் செய்துமுடிக்கிறது. இதைத் தடுக்கப் பெரும் பணமோ நிபுணத்துவமோ தேவையில்லை. பழைய நெகட்டிவ்களை வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பிளாஸ்ரிக் பைக்குப் பதிலாகத் தாளுறையில் வைக்கலாம். வினாகிரி மணம் வீசத் தொடங்கிய நெகட்டிவ் அழியத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஸ்கான் செய்து எடுத்துக்கொள்ள வேண்டும். கமராவைத் தோலுறையிலிருந்து வெளியே எடுத்து வைப்பது நல்லது. கொழும்பின் கடற்காற்றில் தோலுறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் வில்லையிற் பூஞ்சணம் படர்கிறது. இருட்டான அறையில் கமராவுக்குள் சிறு டோர்ச் விளக்கை வைத்துத் துருத்தியை வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். ஓட்டை இல்லையேல் எண்பது ஆண்டுக்கு முந்திய அக்கருவி இன்றும் படம் எடுக்கக்கூடும். அதற்கான பிலிம் இன்றும் உற்பத்தியாகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெயர் எழுதுதல். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வைக்க வேண்டும். அப்பெயர்களைச் சொல்லக்கூடிய அப்பம்மாவோ, உம்மம்மாவோ, பெரியப்பாவோ நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். அவர்கள் போன பின்னர், வென்டின் மீனவரைப் போலவே நமது பாட்டன்மாரும் பெயரற்ற அழகிய முகங்களாகிவிடுவார்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் நம்மிடையே உள்ளன. குடும்பப் படங்களும் சமூக வரலாற்றின் ஆவணங்களே என்ற எண்ணம் பரவுமானால், பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயில் சபைகளும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் தத்தம் வட்டாரத்துப் படங்களைச் சேகரிக்க முன்வரலாம்.

லயனல் வென்டுக்கு அவருடைய படங்களைக் காத்த நண்பர்கள் இருந்தார்கள், செல்வம் இருந்தது, இறுதியில் ஓர் அரங்கும் எழுந்தது. நமது பாட்டன்மாருக்கு அவை எதுவும் இல்லை. அவர்கள் எண்ணி எண்ணி எடுத்த எட்டுப் படங்களுக்கும் பன்னிரண்டு படங்களுக்கும் நாம் மட்டுமே இருக்கிறோம். அடுத்த முறை ஒரு பழைய அலுமாரியைத் திறக்கும்போது, அந்தப் பிஸ்கட் தகரத்தைக் குப்பைக்கு அனுப்புவதற்கு முன்னர் ஒரு நெகட்டிவையாவது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதில் தெரிவது யார் என்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அன்றே எழுதி வையுங்கள்.